டேவிட் லிவிங்ஸ்டன் கலாசாலை புகுந்த வரலாறு

கல்வி கற்கப் புகும் மாணாக்கன் ஒருவன் தன் ஊரை விட்டு வேற்றூர் சென்று, தங்க இடம் தேடி, பாடங்களுக்குரிய பணத்தைச் செலுத்தி, முதன்முதலாக வகுப்பில் அமரும் அந்தச் சில நாட்கள், பெரியோர் சரித்திரங்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் ஒருவருடைய பிற்கால வாழ்வின் வித்து அந்நாட்களிலேயே ஊன்றப்படுவதை நாம் பலமுறை காண்கின்றோம். ஆப்பிரிக்கக் கண்டத்தை மேற்குக் கரையினின்று கிழக்குக் கரை வரை கடந்தவரும், அடிமை வாணிகத்தின் கொடுமையை உலகறியச் செய்தவருமாகிய டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டனின் பிரயாணங்களை அறியாதார் சிலரே. அவர் ஏழைத் தொழிலாளியாயிருந்து ஸ்காத்லாந்து தேசத்துக் கலாசாலை ஒன்றில் மாணாக்கரான வரலாற்றை அறிந்தாரோ மிகச் சிலர். அதனையே நாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ எட்டு மைல் தூரத்தில், கிளைடு நதிக்கரையில், பிளாண்டயர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த பஞ்சாலையின் தொழிலாளர்க்கென ஆலைக்காரர் கட்டிய மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்துநான்கு குடும்பங்கள், குடும்பத்திற்கு ஓர் அறையாக வாழ்ந்து வந்தன. அவ்வறைகளுள் ஒன்றில், 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி, நீல் லிவிங்ஸ்டன் என்பவருக்கும் ஆக்னெஸ் அம்மையாருக்கும் டேவிட் பிறந்தார். தந்தை வீடு வீடாகச் சென்று தேயிலை விற்பவர், தெய்வபக்தி மிக்கவர், கண்டிப்பானவர். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் செபிப்பதும் எல்லாம் அந்த ஓர் அறையிலேயே நிகழ்ந்தன. வறுமை இருந்தும் அவ்வீட்டில் கடனுமில்லை, அழுக்குமில்லை.

பத்து வயது நிரம்பியதும் டேவிட் ஆலைக்கு அனுப்பப்பட்டார். நூற்கும் பொறிகளின் இடையே ஓடியோடி, அறுந்த இழைகளை முடிந்துவிடுவது அவருக்கு இடப்பட்ட வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிக்கே முடியும். இடையில் காலையுணவிற்கும் நண்பகலுணவிற்குமே சிறிது ஓய்வு. சிறுவர்களின் வேலை நேரத்தைக் குறைத்த ஆலைச் சட்டம் 1833-ஆம் ஆண்டில் வந்தபோது அவர் இருபது வயது இளைஞர். அச்சட்டத்தால் அவருடைய பிள்ளைப் பருவம் யாதொரு பயனும் அடையவில்லை.

ஆயத்தம்

முதல் வாரத்துக் கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு அச்சிறுவர் வாங்கிய பொருள் ஒரு லத்தீன் இலக்கண நூல். அக்காலத்தில் லத்தீன் அறியாதவனுக்கு உயர்தரக் கல்வியின் வாயில் திறவாது. பத்து வயதுக் கூலிச் சிறுவன் தன் முதல் ஊதியத்தில் அவ்வாயிலின் திறவுகோலை வாங்கினான் என்றால், அவனுடைய ஆயத்தம் அன்றே தொடங்கிற்று என்று நாம் கருதுவதில் தவறில்லை.

இரவு எட்டு மணிக்கு ஆலையை விட்டதும், எட்டு முதல் பத்து வரை ஆலையைச் சார்ந்த இரவுப் பள்ளி நடைபெறும். பதினான்கு மணி நேரம் ஆலையில் கழித்த சிறுவர்களில் பெரும்பாலோர்க்கு அதன்பின் கண் விழித்திருப்பதே அரிதாயிருந்தது. டேவிடோ பள்ளி முடிந்து வீடு வந்த பின்னும் பன்னிரண்டு மணி வரையில் படிப்பார். தாய் எழுந்து வந்து புத்தகத்தைக் கையினின்று பறித்தாலன்றி உறங்கார். மறுநாட் காலை ஆறு மணிக்கு மீண்டும் ஆலை. பகலிலும் புத்தகத்தை நூற்கும் பொறியின் மேல் சார்த்தி வைத்து, அதனைக் கடந்து செல்லுந்தோறும் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துச் செல்வார். பொறிகளின் பேரிரைச்சலினிடையே மனத்தை ஒருமுகப்படுத்தும் இவ்வழக்கம், பிற்காலத்தில் பிள்ளைகள் விளையாடும் கூச்சலிலும், ஊரார் ஆடிப்பாடும் ஒலியிலும் இடையூறின்றிப் படிக்கவும் எழுதவும் தமக்கு உதவிற்று என்று அவரே பின்னர்க் குறித்துள்ளார்.

தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே படிப்பைப் பற்றிய மனவேறுபாடும் இல்லாமலில்லை. பிரயாண நூல்களிலும் பிரகிருதி சாஸ்திர நூல்களிலும் மைந்தனுக்கு விருப்பம். தந்தை விரும்பியவையோ ஞான நூல்கள். அத்தகைய நூல் ஒன்றைப் படிக்க மறுத்ததற்காக டேவிட் பிரம்படியும் பெற்றார். சாஸ்திரமும் விசுவாசமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதைத் தாமஸ் டிக் என்னும் ஸ்காத்லாந்துப் பெரியாரின் நூல் ஒன்றால் அவர் தெளிந்த பின்னரே அவ்வேறுபாடு தணிந்தது. பின்னர், சீன தேசத்திற்கு வைத்தியமறிந்த மிஷனரிகள் வேண்டுமெனக் குட்ஸ்லாப் என்னும் ஜெர்மானிய மிஷனரி விடுத்த வேண்டுகோளைப் படித்ததும், வைத்தியம் கற்று அத்தொண்டிற்குச் செல்வதென அவர் உறுதி கொண்டார். வைத்தியக் கல்வி பொருளீட்டும் பொருட்டன்று என்பதை அறிந்த பின்னரே தந்தை மனமிசைந்தார்.

விருப்பம் உண்டாயிற்று, பணத்திற்கு வழி யாது? பத்தொன்பதாம் வயதில் டேவிட் நூல் நூற்கும் தொழிலாளியாக உயர்த்தப்பட்டிருந்தார். மெலிந்த உடலுடைய இளைஞருக்கு அது கடுமையான வேலையே. ஆயினும் கூலி மிகுதி. அக்காலத்து ஸ்காத்லாந்துக் கலாசாலைகளில் வகுப்புகள் குளிர்காலத்தில் தொடங்கி ஏப்ரல் வரையில் நடைபெற்றன. ஆகவே கோடையில் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு குளிர்காலத்தில் கற்பது ஏழை மாணாக்கர்க்கு இயல்வதாயிற்று. உழவர் மைந்தரும் நெசவாளர் மைந்தரும், ஊரிலிருந்து ஓட்ஸ் மாவு மூட்டையைக் கொண்டுவந்து, நகரத்தில் சிற்றறை ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, அம்மாவையே உணவாகக் கொண்டு பட்டம் பெற்ற வரலாறுகள் அந்நாட்டில் பல. மாணவர் விடுதிகள் என்பன அன்று அங்கே பெரும்பாலும் இல்லை. தங்குமிடம் தேடிக்கொள்வது மாணாக்கனின் பொறுப்பே.

இங்கு ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. லிவிங்ஸ்டனைக் கற்பித்த கூலி பஞ்சினால் வந்தது. அந்நாளில் ஸ்காத்லாந்து ஆலைகளில் நூற்கப்பட்ட பஞ்சில் பெரும் பகுதி, அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அடிமை வாணிகத்தை ஒழிக்கத் தம் உயிரையே செலவிட்ட ஒருவரின் கல்விக்கு, அவ்வடிமைகளின் வியர்வையும் ஒருவகையில் விலையாயிற்று. கல்வி பெறுகின்றவன் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கின்றான் என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு இஃது ஓர் உதாரணமாகும்.

கிளாஸ்கோவில் இடம் தேடியது

1836-ஆம் ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில், தந்தையும் மைந்தனும் பனி மூடிய பாதையில் பிளாண்டயரிலிருந்து கிளாஸ்கோவிற்கு நடந்தே சென்றனர். நண்பர் ஒருவர் எழுதித் தந்த விடுதிகளின் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அப்பட்டியலைக் கொண்டு வீடு வீடாகச் சென்று வினாவினர். செல்லுமிடமெல்லாம் வாடகை அவர்களுடைய சக்திக்கு மேற்பட்டதாயிருந்தது. நெடுநேரம் அலைந்த பின்னர் ராட்டன் ரோ என்னும் தெருவில் வாரம் இரண்டு ஷில்லிங் வாடகைக்கு ஓர் அறை அகப்பட்டது. தந்தை மைந்தனை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் டேவிட் வகுப்புகளில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அவற்றிற்குரிய பன்னிரண்டு பவுனையும் செலுத்தினார். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆகவே அத்தொகை 240 ஷில்லிங். அவ்வறையின் வாடகையோடு ஒப்பிட்டால், நூற்றிருபது வார வாடகைக்குச் சமமான பணம் ஒரே நாளில் கையை விட்டு நீங்கிற்று. எத்தனை மாத உழைப்பின் சேமிப்பு அது என்பதை ஆலைத் தொழிலாளியே அறிவான். அன்று மாலை அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில், தந்தை சென்ற பின் தனிமை தம்மை மிகவும் வருத்தியதென்றும், ஆயினும் ஏறவேண்டிய மேடு செங்குத்தாயிருப்பின் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு ஏறுவதே தக்கதெனத் தாம் துணிந்ததாகவும் தெரிவித்தார். இருபத்துமூன்று வயதினர், பதின்மூன்று ஆண்டு ஆலையில் உழைத்தவர், அவருக்கும் அந்த முதல் இரவு எளிதாயில்லை.

சில நாட்களில் வேறொரு சங்கடமும் நேர்ந்தது. வாங்கி வைத்த தேயிலையும் சர்க்கரையும் அவர் இல்லாத வேளையில் குறையலாயின. வீட்டுக்காரியார் தமது பொருளென்றும் குடியிருப்பவர் பொருளென்றும் வேற்றுமை பாராட்டாதவராயிருந்தார்! எண்ணிச் செலவிடும் மாணாக்கருக்கு இஃது அற்ப நஷ்டமன்று. அவர் சச்சரவு செய்யாமல் மீண்டும் இடம் தேடி, ஹை ஸ்திரீட் என்னும் பெருந்தெருவில் வாரம் இரண்டரை ஷில்லிங்கிற்கு வேறோர் அறை கண்டு, அங்கே சுகமாக அமர்ந்தார். வாரத்திற்கு அரை ஷில்லிங் மிகுதியாகக் கொடுத்து மன அமைதியை வாங்கியது விவேகமே.

1451-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிளாஸ்கோ சர்வகலாசாலை அந்நாளில் அப்பெருந்தெருவிலேயே இருந்தது. 1870-ஆம் ஆண்டில்தான் அது கில்மோர்ஹில் என்னும் குன்றிற்கு மாறிற்று. லிவிங்ஸ்டன் வைத்தியம் கற்கச் சேர்ந்ததோ ஆண்டர்சன் கலாசாலை. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜான் ஆண்டர்சன் என்பவர், 1796-ஆம் ஆண்டில் இறக்குங்கால், எளியோர்க்கும் பெண்களுக்கும் பயன்படத்தக்க கல்விச்சாலை ஒன்று அமைக்குமாறு மரண சாசனம் எழுதி வைத்தார். அதன் வழியே எழுந்தது இக்கலாசாலை. இன்றைய ஸ்திராத்கிளைடு சர்வகலாசாலை அதன் வழித்தோன்றலாகும். லிவிங்ஸ்டன் அங்கே பயின்று கொண்டிருந்த 1837-ஆம் ஆண்டிலேயே, அதே பெயருடைய வேறொரு ஜான் ஆண்டர்சன், ஸ்காத்லாந்து மிஷனரியாகச் சென்னை வந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது என்பது நம் நாட்டவர் நினைவிற்கொள்ளத் தக்கது.

கற்றவை

வைத்தியத்தோடு கிரேக்க மொழியும், வார்ட்லா என்னும் போதகரிடம் வேத சாஸ்திரமும் அவர் கற்றார். அந்நாளைய வைத்திய நிலையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மயக்க மருந்து இல்லை. குளோரோபாரம் 1847-ஆம் ஆண்டில்தான் வழக்கிற்கு வந்தது. சீழ் தடுக்கும் முறையை லிஸ்டர் அதே கிளாஸ்கோ நகரத்தில் கண்டறிந்ததோ 1860-களில். நோயாளி விழித்திருக்கும்போதே, அலறலினிடையே, விரைந்து அறுப்பதே அக்காலத்து ரண வைத்தியம். இத்தகைய பயிற்சியே பின்னர் வைத்தியனற்ற காடுகளில் அவருக்குத் துணையாயிற்று.

வகுப்பிற்கு வெளியே கற்றதும் சிறிதன்று. ரசாயன ஆசிரியர் தாமஸ் கிரகாமுக்கு உதவியாளராயிருந்த ஜேம்ஸ் யங் என்னும் இளைஞரின் அறையில் தச்சு மேசையும் கடைசல் பொறியும் இருந்தன. மாலை நேரங்களில் லிவிங்ஸ்டன் அங்கே சென்று, மரத்திலும் இரும்பிலும் வேலை செய்யப் பழகினார். ஆப்பிரிக்காவில் தம் வீட்டைத் தாமே கட்டவும், வண்டியையும் கருவிகளையும் தாமே பழுதுபார்க்கவும் அப்பழக்கம் கைகொடுத்தது. யங் என்பவரும் ஒரு தச்சரின் மைந்தரே. நிலக்கரியிலிருந்து பாரபின் எண்ணெய் எடுக்கும் முறையை 1850-ஆம் ஆண்டில் தம் உரிமையாகப் பதிவு செய்து பெருஞ்செல்வரானார். மாணவப் பருவத்து அந்நட்பு இறுதி வரையில் குன்றவில்லை. லிவிங்ஸ்டனின் பிரயாணங்களுக்கு யங் பெரும்பொருள் உதவினார்.

1837-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வகுப்புகள் முடிந்ததும், லிவிங்ஸ்டன் பிளாண்டயருக்குத் திரும்பி மீண்டும் ஆலை வேலையில் அமர்ந்தார். கலாசாலை மாணவனாயிருந்த பின் கூலி வேலைக்குச் செல்வதை அவர் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் அக்கோடையின் சேமிப்பு அடுத்த ஆண்டுக்குப் போதவில்லை. மூத்த சகோதரர் ஜானிடம் சிறிது கடன் வாங்கியே அவர் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்தார். அக்கடனன்றிப் பிறர் பொருளை எதிர்பாராமல் கற்றதைப் பிற்காலத்தில் அவர் மனநிறைவோடு நினைவுகூர்ந்தார். மீண்டும் பிறக்க நேரினும் அதே எளிய நிலையில் தொடங்கவே விரும்புவதாகவும் எழுதினார்.

தேர்வும் பிரிவும்

அவர் விரைந்த அறிவினர் அல்லர், தளராத உழைப்பினர். 1838-ஆம் ஆண்டில் லண்டன் மிஷனரி சங்கத்தார் அவரைப் பரீட்சார்த்தமாக ஏற்று, லண்டனுக்கருகில் ஆங்கர் என்னும் ஊரில் பயிற்சிக்கு அனுப்பினர். ஒரு நாள் பிரசங்கம் செய்ய எழுந்து நின்றவர், மனப்பாடம் செய்த அனைத்தும் மறந்துபோக, அதனை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆலயத்தை விட்டு வெளியேறினார். ஆசிரியரின் அறிக்கையும் அனுகூலமாயில்லை. சங்கத்தார் அவரைத் தள்ளிவிட இருந்தனர். இன்னும் சில மாதம் பார்க்கலாமென ஒருவர் பரிந்து பேசியிராவிடில், லிவிங்ஸ்டனின் பெயரை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

சீன தேசத்தில் அபின் யுத்தம் மூண்டதால் அங்கே செல்லும் வழி அடைபட்டது. தென்னாப்பிரிக்க மிஷனரியாகிய ராபர்ட் மாபட்டைச் சந்தித்ததால் அவருடைய நோக்கம் ஆப்பிரிக்காவை நாடிற்று. 1840-ஆம் ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ வைத்தியர் சபையின் முன் தேர்விற்கு நின்றார். நாடி ஒலியறியும் ஸ்டெதாஸ்கோப் கருவியின் பயனைக் குறித்துத் தேர்வாளரோடு அவர் மாறுபட்டதால் தேர்வு நீண்டது. ஆயினும் தேறி, வைத்தியம் செய்யும் உரிமை பெற்றார்.

நவம்பர் 16-ஆம் நாள் இரவை அவர் பெற்றோருடன் கழித்தார். தந்தையும் மைந்தனும் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தனர். விடியுமுன் ஐந்து மணிக்கு எழுந்து, தாய் தந்த காப்பியை அருந்தி, சங்கீத நூலில் 121-ஆம், 135-ஆம் சங்கீதங்களைப் படித்து வேண்டுதல் செய்தனர். பின்னர், நான்கு ஆண்டுகட்கு முன் அறை தேடி நடந்த அதே வழியில் இருவரும் மீண்டும் கிளாஸ்கோவிற்கு நடந்தனர். லிவர்ப்பூல் செல்லும் நீராவிக் கப்பல் நின்ற துறையில் ஒருவரையொருவர் பிரிந்தனர். தந்தையை மைந்தன் மீண்டும் காணவில்லை. 1856-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தாய்நாடு திரும்பினபோது, தந்தை அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காலஞ்சென்றிருந்தார்.

பிற்கால வாழ்வு

அதன்பின் நிகழ்ந்தவை பலரறிந்தவை, சுருங்கக் கூறுவோம். 1841-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவை அடைந்தார். 1844-இல் சிங்கம் ஒன்று அவருடைய இடத்தோள் எலும்பை நொறுக்கிற்று. 1854-இல் மேற்குக் கரையிலுள்ள லுவாண்டாவை எட்டி, அங்கிருந்து திரும்பி, 1856-இல் கிழக்குக் கரையிலுள்ள கெலிமானேயை அடைந்தார். அந்நாட்டார் நெடுங்காலமாக அறிந்திருந்த மாபெரும் நீர்வீழ்ச்சியை 1855-இல் கண்டு அதற்கு விக்டோரியாவின் பெயரிட்டார். 1854-ஆம் ஆண்டில், பெருந்தெருவில் சிற்றறையில் வாழ்ந்த அவருக்கு, அத்தெருவிலிருந்த கிளாஸ்கோ சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது.

அவருடைய குறைகளையும் மறைத்தல் தகாது. தம்மைப் போலவே பிறரும் துன்பம் பொறுப்பர் என எண்ணினார். 1858 முதல் 1864 வரை நடைபெற்ற ஜாம்பேசி நதிப் பிரயாணத்தில் உடன் சென்றவர்கள் அவருடைய கடுமையால் மனம் வருந்தினர். மனைவியார் மேரி 1862-இல் அந்நதிக்கரையிலேயே காய்ச்சலால் இறந்தார். ஆலையில் அவரைக் காத்த மனவுறுதி, அன்புடையாரிடத்தும் சில வேளை இரும்பாக நின்றது.

1866-இல் தொடங்கிய இறுதிப் பிரயாணத்தில், சுமை தூக்குவோர் சிலர் மருந்துப் பெட்டியுடன் ஓடிப்போயினர். அன்றே தமக்கு மரண தீர்ப்புக் கிடைத்ததுபோல் அவர் உணர்ந்தார். கிளாஸ்கோவில் பன்னிரண்டு பவுன் கொடுத்துக் கற்ற வித்தை நெஞ்சில் இருந்தது. மருந்தோ கையில் இல்லை. 1871-ஆம் ஆண்டு நியாங்வே என்னும் ஊரின் சந்தையில் அடிமை வணிகர் மக்களைச் சுட்டுக் கொன்றதை நேரிற் கண்டு அவர் எழுதிய செய்தி இங்கிலாந்தைக் கலக்கிற்று. 1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், இன்றைய ஜாம்பியா நாட்டிலுள்ள சிதாம்போ என்பவரின் ஊரில், படுக்கையருகே முழந்தாளிட்ட நிலையில் அவர் உயிர் நீத்தார். அடுத்த மாதமே சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது. சூசி, சூமா முதலிய ஆப்பிரிக்கத் தோழர்கள் அவருடைய இருதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்து, உடலை ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்து கடற்கரை சேர்த்தனர். அவர்களுள் ஜேக்கப் வெயின்ரைட் என்பவர் நம் நாட்டு நாசிக் நகரத்து மிஷன் பள்ளியில் கற்றவர். சிங்கம் முறித்த எலும்பைக் கொண்டு அவ்வுடல் அவருடையதேயென உறுதி செய்யப்பட்டு, 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

லிவிங்ஸ்டனின் மாணவ வாழ்வு இரண்டு குளிர்காலங்களே. அதற்குரிய ஆயத்தமோ பதின்மூன்று ஆண்டுகள். வசதிகள் அமைந்த பின் கற்கலாமென அவர் காத்திருந்தாரெனின், ஆலையிலேயே முதுமை எய்தியிருப்பார். ஒரு சேர்க்கைப் பணத்தின் பின்னே ஒரு குடும்பத்தின் உழைப்பும், தாயின் விழிப்பும், தந்தையின் நடையும், சகோதரனின் கடனும், கண் காணாத தேசத்தாரின் வியர்வையும் இருந்தன. நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்களுள் எத்தனையோ பேரின் பெட்டிக்குள்ளும் அத்தகைய உழைப்பே அடங்கியிருக்கின்றது. புதிதாக வந்து அறையில் தனித்திருந்து வருந்தும் இளைஞனை நாம் காணுங்கால், அவனிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுவோமாக. அவன் கற்கப்போவது யாருக்குப் பயன்படும் என்பதை இன்று நாம் அறியோம்.